தபீதாள் சொல்லாமல் இருந்த பதினோரு மாதம்

கைக்குழந்தையின் கையில் ரத்தக்குழாயைத் தேடிப் பிடிப்பது எல்லாருக்கும் வராது. தபீதாளுக்கு வந்தது. தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவள் எட்டு வருஷம் வேலை பார்த்தாள். சுற்றியிருந்த கிளினிக்குகளில் இரண்டு மூன்று தடவை குத்திப் பார்த்துக் கைவிட்ட குழந்தைகளை அவளிடம்தான் அனுப்புவார்கள். அவள் அவசரப்பட மாட்டாள். குழந்தையின் புறங்கையைத் தன் உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருப்பாள். பிறகு ஒரே குத்து. குழந்தை மூச்சை இழுத்து அழ ஆரம்பிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்தியிருப்பாள்.

அந்தக் கைக்காகத்தான் 2006இல் அவளுக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. கூடுவாஞ்சேரியைத் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த பெரிய கட்டடம். அங்கே டாக்டர் ஹேமநாத் என்ற விஞ்ஞானி, பிறவியிலேயே தலையும் உடம்பும் மிகச் சிறுத்துப் போன பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். தென் சென்னைப் புறநகரிலும் செங்கல்பட்டுப் பக்கமும் அப்படிப்பட்ட ஐந்து குடும்பங்களை அவர் தேடிக் கண்டுபிடித்திருந்தார். ஐந்துமே சொந்தத்தில் கல்யாணம் செய்துகொண்ட குடும்பங்கள். அந்தப் பிள்ளைகளிடமும் பெற்றவர்களிடமும் ரத்தம் எடுக்க ஓர் ஆள் வேண்டும். "ஆறு வயசுப் பையனுக்கு ஆறு மாசக் குழந்தையோட வெயின்தான் இருக்கும். மிஸ் பண்ணக் கூடாது, முடியுமா?" என்று இன்டர்வியூவில் கேட்டார். முடியும் என்றாள். வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிற காண்ட்ராக்ட் வேலை. அப்போது அவளுக்கு முப்பத்து மூன்று வயது.

முதலில் போன வீடு பனையூர்க் குப்பத்தில் இருந்தது. சம்பந்தம் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். அவர் மனைவி தேசம்மா, சொந்த அக்காவின் மகள். மூத்த பையன் ஒழுங்காகப் பிறந்து வளர்ந்துகொண்டிருந்தான். இரண்டாவதாகப் பிறந்த ஜெயஸ்ரீக்கு வயது ஆறு. உயரம் ஒன்றரை வயதுக் குழந்தையின் உயரம். தலை ஒரு தேங்காய் அளவு. மூக்கு மட்டும் பெரிய ஆளுடைய மூக்குபோல எடுப்பாக இருந்தது. இப்படிப்பட்ட பிள்ளைக்குப் பேச்சு வராது, புத்தி இருக்காது என்று நினைத்துக்கொண்டு போன தபீதாள், ஊசியை எடுத்ததும் கிளிபோலக் கீச்சென்று வந்த குரலைக் கேட்டுத் திடுக்கிட்டாள்.

"தே, பாத்து குத்து. நான் இன்னா நண்டா, வலிக்காம கம்முனு இருக்க?"

தபீதாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கை பிசகவில்லை. ரத்தம் குழாயில் ஏறுவதை ஜெயஸ்ரீ அழாமல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சம்மதப் படிவத்தைத் தபீதாள் தமிழில் வாசித்துக் காட்டினாள். இந்த ஆய்வினால் உங்களுக்கு நேரடிப் பயன் எதுவும் இல்லை என்று ஒரு வரி இருந்தது. தேசம்மா அந்த வரியைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவளுக்கு வேறு ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது.

"யக்கா, இவ ஏன் இப்டி பொறந்தான்னு இந்த ரத்தத்துல தெரியுமா?"

"தெரியலாம். அதுக்குத்தான் எடுக்கிறோம்."

"இவ வவுத்துல இருக்கசொல்ல ஒரு கெரகணம் வந்துச்சு. ஆகஸ்ட் மாசம். எல்லாரும் வூட்டுக்குள்ள குந்திகினு இருந்தாங்க. நான் வெளிய குந்திகினு மீன் அரிஞ்சேன். விக்காத மீனு, வுட்டா நாறிப்பூடும். அதனாலதான்னு சொல்றாங்க. எங்க ஆத்தா சொல்லுது, மாமன் வூட்டாளுங்க சொல்றாங்க. இவரு மட்டும் ஒண்ணியும் சொல்ல மாட்டாரு. சொல்லாம இருக்கறதும் ஒரு சொல்லுதானே."

வாசற்படியில் உட்கார்ந்து வலையில் ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்த சம்பந்தம் தலை நிமிரவில்லை.

"ரிசல்ட்டு வந்தா சொல்வியா?" என்று தேசம்மா கேட்டாள். "எய்தி அனுப்பிடாத. எங்களுக்குப் படிக்கத் தெரியாது. நீ வந்து சொல்லு."

"நானே வந்து சொல்றேன் தேசம்மா. வேற யாரையும் அனுப்ப மாட்டேன்."

இப்படிச் சொல்லும்படி தபீதாளிடம் யாரும் சொல்லவில்லை. படிவத்திலும் அது இல்லை. அவளாகத்தான் வாக்குக் கொடுத்தாள்.

தேசம்மா மீன் விற்பது அஸ்தினாபுரத்தில். தபீதாளின் வீடும் அஸ்தினாபுரத்தில்தான். மெயின் ரோட்டில் பேருந்து நிறுத்தத்துக்குச் சற்றுத் தள்ளி, பிளாஸ்டிக் தாளை விரித்து, அன்னக்கூடையில் மீனை வைத்துக்கொண்டு தேசம்மா உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பெட்டியின்மேல் ஜெயஸ்ரீ. குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க மறுத்து, பால்வாடியில் தவழுகிற பிள்ளைகளோடு உட்கார வைத்திருந்தார்கள். இரண்டு நாளில் அவள் போக மாட்டேன் என்றுவிட்டாள். அன்றிலிருந்து வியாபாரம்தான். அவளை வேடிக்கை பார்க்க நிற்கிறவர்களை அவள் விட மாட்டாள். "இன்னா பாக்குற? சங்கராவப் பாரு, செவுளு செவப்பா கீதா? அப்ப புது மீனு. எடு" என்பாள். கூச்சத்தில் வாங்கிக்கொண்டு போனவர்கள் நிறையப் பேர்.

தபீதாள் தினமும் சாயங்காலம் அந்த வழியாக வருவாள். ஜெயஸ்ரீ அவளுக்கு "ரத்தக்காரக்கா" என்று பெயர் வைத்திருந்தாள்.

ஆராய்ச்சி நிலையத்தில் அந்த ஐந்து குடும்பங்களின் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, கண்ணாடிக் குடுவைகளில் அவை தொடர்ந்து பெருகும்படி செய்தார்கள். குடுவைகளைப் பார்த்துக்கொள்வதும் தபீதாளின் வேலையானது. மூன்று நாளைக்கு ஒரு முறை பழைய ஊட்ட நீரை எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். தவறினால் செல்கள் செத்துவிடும். ஈஸ்டர் அன்றுகூட ஆராதனை முடிந்த கையோடு ரயிலேறிப் போய் ஊற்றிவிட்டு வந்தாள். குடுவையின்மேல் பெயர் எழுதக் கூடாது, எண்தான். இருந்தாலும் எது ஜெயஸ்ரீ என்று அவளுக்குத் தெரியும். மற்ற குடுவைகளைவிட அது மெதுவாகத்தான் நிறையும்.

2007 நவம்பரில் ஒரு நாள் சத்யப்ரியா அவளை இருட்டறைக்குக் கூப்பிட்டாள். சத்யப்ரியா ஹேமநாத்திடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பெண். நுண்ணோக்கியில் முதலில் தபீதாளின் சொந்தச் செல்லையே காட்டினாள். ஒப்பிட்டுப் பார்க்க அவளிடமும் ரத்தம் எடுத்திருந்தார்கள். கறுப்பில் நீல உருண்டைகள். ஒவ்வொரு உருண்டைக்குப் பக்கத்திலும் பச்சையாக ஒரு பொட்டு, சிலவற்றில் இரண்டு.

"அந்தப் பச்சைதான் சென்ட்ரோசோம்க்கா. இப்ப இதைப் பாருங்க. உங்க ஜெயஸ்ரீ."

நீல உருண்டைகள் இருந்தன. பச்சையைக் காணவில்லை.

"செல் ரெண்டா பிரியறப்ப அதை இழுத்துப் பிரிக்கற கயிறெல்லாம் அந்தப் பொட்டுலேர்ந்துதான் கிளம்பும். அது எல்லாருக்கும் தெரிஞ்சது. ஆனா அதுக்கு இன்னொரு வேலையும் இருக்கு. வெயில்லயோ எக்ஸ்ரேயிலயோ, இல்ல சும்மா காப்பி எடுக்கறப்பவோ டிஎன்ஏ அடிபட்டுடும். அப்ப, 'நில்லு, ரிப்பேர் பண்ணிட்டுப் பிரி'ன்னு ஒரு தகவல் போகணும். அந்தத் தகவலைக் கொண்டுவர்ற புரோட்டீன் வந்து உக்கார்ற இடமும் அதான். அங்க உக்காந்துதான் பிரேக்கைப் பிடிக்கும். அது உக்கார இடம் போட்டு வச்சிருக்கிற புரோட்டீன் பேரு பெரிசென்ட்ரின். பச்சைச் சாயம் ஒட்டறது அது மேலதான். இந்தப் பொண்ணுகிட்ட அது இல்ல."

"இல்லன்னா என்ன ஆகும்?"

"நாங்க புற ஊதா வெளிச்சத்தைக் காட்டி அடிச்சுப் பார்த்தோம். உங்க செல் நின்னுச்சு. அவ செல் நிக்கல, அடிபட்ட டிஎன்ஏவோடயே பிரியப் பார்க்குது. அப்படிப் பிரிஞ்சா நிறைய செத்துப் போகும். வயித்துல இருக்கறப்பவே அப்படிச் செத்துச் செத்துதான் உடம்பு வளரப் போதுமான செல்லே இல்லாம போயிருக்கணும்னு நினைக்கிறோம்."

"அவளுக்கு மட்டும் ஏன் அது இல்ல?"

"அந்தப் புரோட்டீனுக்கு நமக்கெல்லாம் ரெண்டு ஜீன் இருக்கும், அம்மா குடுத்தது ஒண்ணு, அப்பா குடுத்தது ஒண்ணு. ஒண்ணு பழுதா இருந்தாலும் இன்னொண்ணு ஓட்டிடும். இவளுக்கு ரெண்டும் பழுது. அம்மாகிட்ட ஒரு பழுது, அப்பாகிட்ட அதே பழுது. ஒரே குடும்பம் இல்லியா?"

தபீதாள் நுண்ணோக்கியில் மறுபடியும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டாள்: "கிரகணத்துல மீன் அரிஞ்சதுக்கும் இதுக்கும்..."

சத்யப்ரியா சிரித்தாள். "கரு உண்டானப்பவே, கிரகணம் வர்றதுக்கு முன்னாடியே முடிவான விஷயம்க்கா இது."

அன்றே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று தபீதாளுக்கு இருந்தது. ஹேமநாத்திடம் கேட்டாள். அவர் அன்றைக்கு நல்ல உற்சாகத்தில் இருந்தார். "அவசரப்படாதீங்க தபீதா. உலகத்துல இன்னும் யாரும் ரிப்போர்ட் பண்ணல. பேப்பர் போகட்டும், அப்புறம் எல்லாருக்கும் சொல்லலாம்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. அன்று சாயங்காலம் மீன் வாங்கும்போது தேசம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள், பிறந்த நாளுக்கு என்ன வாங்கி வைத்திருக்கிறோம் என்று சொல்லாமல் சிரிப்பதுபோல.

2008 ஜனவரியில் வெளிநாட்டுக்காரர்கள் அதே ஜீனைக் கண்டுபிடித்ததாக எழுதி முந்திக்கொண்டார்கள். பெரிய பத்திரிகையில் வந்திருந்தது. ஹேமநாத்திடம் ஐந்து குடும்பங்கள் இருந்தன, அவர்களிடம் அதைவிட நிறைய. அவர் இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. மார்ச்சோடு திட்டத்தின் காலம் முடிந்தது. அடுத்த திட்டத்துக்கு அவர் வேறு தலைப்பு எழுதிக் கொடுத்தார். குடுவைகளை உறைய வைத்துத் திரவ நைட்ரஜன் தொட்டிக்குள் இறக்கச் சொன்னார்கள். தபீதாள்தான் இறக்கினாள். குடும்பங்களின் கோப்புகள் இரும்பு அலமாரிக்குள் போயின. எல்லாருக்கும் சொல்லலாம் என்ற பேச்சும் அதோடு நின்றுபோனது.

ஜூலையில் சத்யப்ரியா பட்டத்தை முடித்துக்கொண்டு மேல் ஆராய்ச்சிக்கு வெளிநாடு கிளம்பினாள். கிளம்புவதற்கு முந்தின நாள் தபீதாளைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போய் ஒரு காகிதத்தைக் கொடுத்தாள். ஆங்கிலக் கட்டுரைகளிலிருந்து அவள் திரட்டி எழுதிய ஒரு பக்கக் குறிப்பு.

"அக்கா, இது முக்கியம். இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு மூளைக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கிப் போகும், இல்லன்னா வீங்கி வெடிக்கும். எல்லாருக்கும் இல்ல, ஆனா நிறையப் பேருக்கு. சின்ன வயசுலேயே ஸ்ட்ரோக் வந்துடும். முன்னாடியே எம்.ஆர். ஸ்கேன்ல பார்த்துட்டா, வேற ரத்தக்குழாயைக் கொண்டுவந்து சேர்த்து ஆபரேஷன் பண்ணலாம். சார்கிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டேன். நீங்க விடாதீங்க."

தபீதாள் விடாமல்தான் கேட்டாள். முதல் தடவை ஹேமநாத் பொறுமையாகவே விளக்கினார். "நாம பண்ணினது ரிசர்ச் டெஸ்ட். அதை வச்சு ஒரு ஃபேமிலிகிட்டப் போய் உங்க குழந்தைக்கு இதுதான்னு சொல்ல முடியாது. அங்கீகாரம் இருக்கிற லேப்ல திரும்ப டெஸ்ட் பண்ணணும். அதுக்கு எத்திக்ஸ் கமிட்டி பெர்மிஷன் வேணும். நான் லெட்டர் போடுறேன்." லெட்டர் போடவும் செய்தார். அதன் நகலைத் தபீதாள் தன் கண்ணால் பார்த்தாள். கமிட்டி கூடவில்லை. அக்டோபரில் கேட்டபோது, கமிட்டியின் தலைவர் ஓய்வு பெற்றுவிட்டார், புதியவர் வரவில்லை என்றார். ஜனவரியில் கேட்டபோது, "எந்த லெட்டர்?" என்றார். பிறகு ஞாபகம் வந்து, நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "பார்க்கிறேன்" என்றார்.

மார்ச்சில் நான்காவது தடவை கேட்டபோது அவர் குரல் மாறிவிட்டது. "தபீதா, நீங்க டெக்னீஷியன். உங்க வேலை சேம்பிள். நீங்களா போய் ஏதாவது சொல்லிவச்சு, நாளைக்கு அந்தக் குடும்பம் கோர்ட்டுக்குப் போனா இன்ஸ்டிட்யூட் பேரு கெடும். உங்க ரினியூவல் ஃபைல் என் டேபிளுக்குத்தான் வரும், தெரியுமில்ல?"

வீட்டில் அவள் கணவன் துரைராஜிடம் சொன்னாள். அவன் தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கெட்டவன் இல்லை. "படிச்ச டாக்டரே சொல்லக் கூடாதுங்கறார். நீ போய்ச் சொல்லி, அது தப்பா இருந்துச்சுன்னா? அந்தப் பொண்ணு நல்லாதானே இருக்கு, தினமும் பார்க்கிறியே" என்றான்.

உண்மையில் அவள் தினமும் பார்ப்பதை நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. சத்யப்ரியா கொடுத்த காகிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு முதல் நாள் தேசம்மாவின் முன்னால் நின்று, மீன் விலையை மட்டும் கேட்டுவிட்டு வந்தாள். இரண்டு நாள் கழித்து, ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிச் சந்து வழியாக வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். பர்மிஷன் வந்ததும் சொல்லிவிடலாம், அதுவரைக்கும்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சந்தில் சாக்கடை ஓடும். மழைக்காலத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். பயந்தது வேலைக்காகத்தான் என்று பின்னாளில் அவளே சொன்னாள். மனசாட்சியோடு போராடினேன் என்றெல்லாம் அவள் சொல்லிக்கொண்டதில்லை. மாதாமாதம் வருகிற சம்பளம் நின்றுவிடுமே என்ற பயம், அவ்வளவுதான்.

2009 மே மாதம் ஒரு நாள் சந்தில் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். மெயின் ரோடு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. எதிர்ப்பக்கத்து நடைபாதையில் ஒதுங்கி, குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனாள். போக்குவரத்து இரைச்சலையும் மீறி அந்தக் கீச்சுக் குரல் வந்தது.

"அக்கோவ்! ரத்தக்காரக்கா! இன்னா கண்டுக்காம போற? கோவமா?"

தபீதாள் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். யாரும் பேசாத போனில் "ஆமா, ஆமா, வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வேகமாக நடந்தாள். குரல் இன்னொரு முறை கூப்பிட்டது. அவள் திரும்பவில்லை.

ஜெயஸ்ரீ பேசி அவள் கேட்டது அதுதான் கடைசி.

ஜூன் பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை காலை, பத்துப் பதினொரு மணி இருக்கும். ஒரு அம்மாளிடம் கானாங்கத்தை மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்த ஜெயஸ்ரீ, பாதிச் சொல்லில் நின்றாள். வாய் ஒரு பக்கமாக இழுத்தது. வலது கை தொங்கியது. பெட்டியிலிருந்து அப்படியே சரிந்தாள். தேசம்மா மீனையெல்லாம் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, பிள்ளையை மடியில் வாரிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். சாயங்காலம் தேசம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டும் அம்மாள் வழியில் பார்த்துத் தபீதாளிடம் சொன்னாள். "அந்தக் குட்டிப் பொண்ணு இல்ல, வாயாடி? கை கால் வரலியாம். கவர்மென்ட் ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க."

தபீதாள் வீட்டுக்குப் போகவில்லை. கைப்பையில் அந்தக் காகிதம் இருந்தது. பதினோரு மாதமாக மடித்து மடித்து, மடிப்புகளில் கிழிந்திருந்தது. நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டில் இருந்த நரம்பியல் டாக்டர் இளம் வயதுக்காரர். காகிதத்தை நின்றபடி படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். "இது எப்போ எழுதினது?" என்று கேட்டார். கீழே தேதி இருந்தது. அவர் அதைப் படித்துவிட்டு, அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு எம்.ஆர். எடுக்க ஏற்பாடு செய்யப் போனார்.

தேசம்மா வராண்டாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். சேலையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. சம்பந்தம் சுவரில் சாய்ந்து நின்றார்.

"வந்துட்டியாக்கா" என்றாள் தேசம்மா. அவள் குரலில் ஆறுதல் இருந்தது. அதைத்தான் தபீதாளால் தாங்க முடியவில்லை. எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பச்சைப் பொட்டு, இரண்டு பழுது, ரத்தக்குழாய் சுருங்குவது. நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.

தேசம்மா முதலில் கேட்டது ஸ்கேனைப் பற்றி இல்லை.

"அப்ப கெரகணம் இல்லியா?"

"இல்ல தேசம்மா. அதுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்ல."

"எங்கிட்ட ஒண்ணு, மாமாகிட்ட ஒண்ணு."

"ஆமா. ரெண்டு பேருக்கும் தெரியாம இருந்தது. யார் தப்பும் இல்ல."

தேசம்மா கணவனைப் பார்த்தாள். சம்பந்தம் தலையில் கை வைத்துக்கொண்டு மெல்லக் குந்தினார். பத்து வருஷமாகச் சொல்லாமல் இருந்த சொல்லைச் சொல்லப்போவதுபோல வாயைத் திறந்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"இது எப்போ தெரியும் உனுக்கு?"

"அது... ஒன்றரை வருஷமா."

"ரத்தக்கொயா சுருங்கும்ன்றது?"

"போன ஜூலையிலேர்ந்து."

தேசம்மா விரல் விட்டு எண்ணினாள். மீன் விற்கிறவள், கணக்கு அவளுக்குச் சீக்கிரம் வரும். ஆனாலும் மெதுவாக எண்ணினாள். ஆடி, ஆவணி என்று உதடு அசைந்தது. வைகாசியில் நின்றது.

"பதினோரு மாசம். தெனிக்கும் அந்த ரோட்டுலதான குந்திகினு இருந்தேன் நான்."

தபீதாள் வேலையைப் பற்றி, கமிட்டியைப் பற்றி, ஹேமநாத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். இரண்டு வாக்கியத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"எயுந்து போக்கா" என்றாள் தேசம்மா. சத்தம் போடவில்லை. "எம் பொண்ணு கண்ணு முழிச்சா உன்னப் பாக்கக் கூடாது. அவளுக்கு உன்ன ரொம்பப் புடிக்கும்."

ஸ்கேனில் மூளையின் இரண்டு பக்கமும் முக்கியமான ரத்தக்குழாய்கள் நூலாகச் சுருங்கியிருந்தன. இடது பக்கம் மூளையில் கணிசமான இடம் செத்துப் போயிருந்தது. வலது பக்கத்தையாவது காப்பாற்ற ஒரு மாதம் கழித்து ஆபரேஷன் செய்தார்கள். ஜெயஸ்ரீ பிழைத்தாள். இடது கையால் சாமான் எடுக்கக் கற்றுக்கொண்டாள். பேச்சு வரவில்லை. யாராவது பேசினால் புரிந்தது. பதில் சொல்ல வாயெடுப்பாள், ஒரே ஒரு சத்தம் வரும், அது தனக்கே பிடிக்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஆராய்ச்சி நிலையத்திலிருந்து தபீதாளுக்கு மெமோ வந்தது. ஆய்வுத் தகவலை அனுமதியின்றி வெளியாருக்குக் கொடுத்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். "கொடுத்தேன். பதினோரு மாதம் தாமதமாகக் கொடுத்தேன்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். செப்டம்பரோடு அவள் காண்ட்ராக்ட் முடிந்தது. கடைசி நாளில் ஹேமநாத் அவளை அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். "நான் லெட்டர் போட்டேன் தபீதா, உங்களுக்கே தெரியும்" என்றார். அவர் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தெரியும் சார் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். அவர்மேல் கோபப்பட அவளுக்கு ஆசையாக இருந்தது. முழுசாக முடியவில்லை.

மற்ற நான்கு வீடுகளின் வழி அவளுக்கு மனப்பாடம். அக்டோபரில் ஒவ்வொன்றாகப் போனாள். பம்மலில் இருந்த குடும்பம் காலி செய்துகொண்டு போயிருந்தது, எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஊரப்பாக்கத்தில் குழந்தை இரண்டு வருஷத்துக்கு முன்பே நிமோனியாவில் இறந்திருந்தது. பொழிச்சலூரில் சிட்டிபாபு என்பவர் பழைய நிலக்காரர், மாடி வீடு. உள்ளே வரச் சொல்லி, காபி கொடுத்து, பேச்சின் பாதியில் கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் பேசினார். "மேடம், என் பெரிய பொண்ணுக்குத் தைமாசம் கல்யாணம். ரெண்டு பக்கமும் ரத்தத்துல கோளாறுன்னு வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்? என் பையன் விதி அவனோட. நீங்க இந்தப் பக்கம் வராதீங்க." அவள் தெருவுக்கு வந்தபோது மாடி ஜன்னலில் அந்தப் பையன் சிறிய முகத்தோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான்காவது வீடு சிங்கப்பெருமாள் கோவிலில். ஏசுதாசன், சரளா, அவர்கள் மகன் குமரவேலுக்குப் பதினொரு வயது. ஏசுதாசன் அங்கே ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆப்பரேட்டர். சரளாவைக் கட்டிக்கொண்டபோதுதான் மதம் மாறினாராம். அவளும் சொந்த அத்தை மகள்தான், அந்த அத்தை ஒரு கிறிஸ்தவரைக் கட்டிக்கொண்டு போனவர். தபீதாள் சொன்னதை இரண்டு பேரும் குறுக்கே பேசாமல் கேட்டார்கள். மறுநாளே லீவு போட்டுப் பையனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஸ்கேனில் சுருக்கம் ஆரம்பித்திருந்தது. மூளைக்கு இன்னும் சேதமில்லை. டிசம்பரில் இரண்டு பக்கமும் ஆபரேஷன் நடந்தது. ஐந்தாம் நாள் பையன் எழுந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரி இட்லி கல்லாக இருக்கிறது என்று சண்டை போட்டான். சரளா போன் செய்து அழுதுகொண்டே சொன்னாள். தபீதாளும் அழுதாள்.

அப்போது அவள் மறுபடியும் தாம்பரத்தில், ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் லேபில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். போனை வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தாள். இனிமேல் யாரிடமும் எதையும் மறைப்பதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள். தேசம்மாவுக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு கொடுப்பது சரியா என்று அவளுக்குத் தெரியவில்லை. துரைராஜ் வேண்டாம் என்றான். ஞாயிற்றுக்கிழமை பேருந்தேறிப் பனையூர்க் குப்பத்துக்குப் போனாள்.

தேசம்மா வீட்டு வாசலில் ஜெயஸ்ரீக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். தபீதாளைப் பார்த்ததும் குழந்தை இடது கையைத் தூக்கியது. வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கூப்பிடுகிறாளா, திட்டுகிறாளா என்று தெரியவில்லை. தேசம்மா தடுக்கவில்லை. உட்கார் என்றும் சொல்லவில்லை.

"இவளுக்கு இருக்கிற அதே நோய் இன்னொரு பையனுக்கும் இருந்துச்சு தேசம்மா. அவங்ககிட்டப் போய்ச் சொன்னேன். ஆபரேஷன் பண்ணிட்டாங்க."

"பொயச்சிக்கினானா?"

"பொழைச்சுட்டான். ஒண்ணும் ஆகல. நல்லா பேசறான்."

தேசம்மா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மகளின் வாயோரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"நல்லதுக்கா. அந்தப் புள்ள நல்லா இருக்கட்டும்" என்றாள். பிறகு நிமிர்ந்து, ரொம்ப நேரம் தபீதாளின் முகத்தைப் பார்த்தாள். "ஆனா இத்த ஏன் எங்கிட்ட வந்து சொல்ற? எனுக்கோசரம் சொல்றியா, உனுக்கோசரம் சொல்றியா?"

தபீதாள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வந்த வழியே திரும்பினாள். மெயின் ரோடு வரைக்கும் மணலில் நடக்க வேண்டும். தாம்பரம் பேருந்து கூட்டமாக வந்தது. அவள் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேடவாக்கத்தில் உட்கார இடம் கிடைத்தது. அவள் உட்காரவில்லை.